அந்த ஒன்பது நிமிடம்

பெரியப்பாவுக்கு எழுபது வயது நிறைந்த அன்று பந்தியில் எனக்கு எதிரே ஆவடி மாமா உட்கார்ந்திருந்தார். பாயசம் வந்துகொண்டிருந்தது. யாரோ பழைய கதை ஒன்றைத் தொடங்க, இன்னொருவர் அதைப் பிடித்துக்கொள்ள, பேச்சு எப்படியோ 1994-ஆம் ஆண்டுக் கோடைக்குப் போய்விட்டது. ஆவடி மாமா இலையைப் பார்த்தபடியே, "ஒன்பது நிமிடம் இருந்தது அண்ணே" என்றார். குரல் உயரவில்லை. பெரியப்பா அதற்குப் பதில் சொல்லவில்லை. பரிமாறிக்கொண்டிருந்த என் தங்கையைக் கூப்பிட்டு, "மாமாவுக்கு இன்னும் கொஞ்சம் விடும்மா" என்றார். அதோடு பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது. கை கழுவும்போது பெரியம்மாவிடம் மெல்லக் கேட்டேன். "வருஷத்துக்கு ஒரு தடவையாவது அவர் இதைச் சொல்லாமல் இருந்ததில்லை" என்றார் பெரியம்மா. "இவரும் ஒரு தடவைகூடப் பதில் சொன்னதில்லை."

அன்று முதல் அந்த ஒன்பது நிமிடம் என்னை விடவில்லை. பெரியப்பா சென்னைத் தீயணைப்புத் துறையில் 35 ஆண்டுகள் வேலை பார்த்தவர். 1978-இல் சாதாரணத் தீயணைப்பு வீரராகச் சேர்ந்து, 2013-இல் நிலைய அலுவலராக ஓய்வு பெற்றார். அவரிடம் நான் கேட்ட கதைகள் ஏராளம். ஆனால் இந்த ஒன்றை மட்டும் யாரும் எனக்கு முழுதாகச் சொன்னதில்லை. இத்தனைக்கும் அது நடந்த இரவில் நான் அவர் வீட்டில்தான் இருந்தேன்.

செருப்பின் திசை

அப்பாவுக்கு வெளியூரில் வேலை என்பதால் நான்கு ஆண்டுகள் பெரியப்பா வீட்டில் தங்கிப் படித்தேன். நிலையத்தை ஒட்டிய குவார்ட்டர்ஸ். இரண்டு அறை, ஒரு சமையலறை, ஜன்னலைத் திறந்தால் சிவப்பு வண்டிகளின் பின்புறம். குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கு அங்கே இருந்த எல்லாரும் மாமாக்கள்தான். ஆவடி மாமாவும் அவர்களில் ஒருவர். மணி அடித்தால் நாங்களும் விழிப்போம். எத்தனை வண்டி கிளம்புகிறது என்று எண்ணுவோம். ஒன்று போனால் திரும்பித் தூங்கிவிடுவோம். இரண்டாவது வண்டியும் கிளம்பினால் பெரியம்மா எழுந்து சாமி விளக்கருகே உட்கார்ந்துவிடுவார். விளக்கை ஏற்றமாட்டார். சும்மா உட்கார்ந்திருப்பார்.

இன்றும் பெரியப்பா செருப்பைக் கழற்றும்போது அதன் முனை வாசலைப் பார்த்திருக்கும்படி திருப்பித்தான் விடுவார். நிலையத்தில் பூட்ஸை அப்படித்தான் வைப்பார்களாம். காற்சட்டையைப் பூட்ஸின்மேல் சுருட்டி வைத்திருந்தால், கட்டிலிலிருந்து காலை இறக்கும்போதே இரண்டுக்குள்ளும் கால் நுழைந்துவிடும். கல்யாண மண்டபத்துக்குப் போனால் மணமக்களைப் பார்ப்பதற்கு முன்பே சமையல்கட்டுக்குப் பின்வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். யார் புது வீடு கட்டிக் கிரகப்பிரவேசத்துக்கு அழைத்தாலும் ஜன்னல் கம்பிகளைத்தான் முதலில் தொட்டுப் பார்ப்பார். "திருடன் உள்ளே வராமல் இருக்கக் கம்பி வைத்தீர்கள். சரி. நீங்கள் வெளியே வர ஒரு கம்பியைத் திறக்கிற மாதிரி வைக்கக் கூடாதா? சாவியை எங்கே மாட்டியிருக்கிறீர்கள்?" என்று கேட்பார். மங்கலமான நாளில் என்ன பேச்சு இது என்று சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கே கூச்சமாக இருந்திருக்கிறது. அந்தக் கம்பிகளைப் பற்றி அவர் ஏன் அவ்வளவு பேசுவார் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

செய்யாறு பக்கத்துக் கிராமத்துக்காரர். பள்ளிப் படிப்போடு நின்றவர். கிணற்றில் குதித்து நீந்தத் தெரியும், பனைமரம் ஏறத் தெரியும் என்ற இரண்டு தகுதிகளை நம்பித்தான் வேலைக்குப் போனதாகச் சொல்வார். தாம்பரத்தில் பயிற்சி. ஆளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணியில் இறங்குவது, ஹோஸைச் சுருட்டுவது, சுருட்டியதை ஒரே வீச்சில் விரிப்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு புகை அறைக்குள் தவழ்ந்து போய் வருவது. சுவரை எப்போதும் ஒரு கையால் தொட்டுக்கொண்டே போக வேண்டும். வலது கையால் தொட்டுப் போனால், இடது கையால் அதே சுவரைத் தொட்டுத் திரும்ப வேண்டும். சுவரை விட்டவன் வழியை விட்டவன். இதை எனக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறார். மின்சாரம் போன இரவுகளில் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளை வரிசையாகத் தவழவிட்டு விளையாட்டு காட்டுவார்.

நிலையத்து வாழ்க்கையில் தீயைவிட மற்றவைதான் அதிகம் என்று தோன்றும். கிணற்றில் விழுந்த மாடு, பரணில் பாம்பு, குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு திறக்கத் தெரியாமல் அழும் குழந்தை, பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே சிக்கிய கால். தீபாவளி என்றால் எங்களுக்கு மறுநாள்தான். அன்று இரவு பெரியப்பா வீட்டுக்கு வந்ததாக எனக்கு நினைவே இல்லை. மறுநாள் காலை புகை வாசனையோடு வந்து, எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுச்சட்டை போட்டுக்கொள்வார். மிச்சமிருக்கும் பட்டாசை வெடிக்கச் சொல்லி நாங்கள் கெஞ்சினால் ஒரு கம்பி மத்தாப்பைப் பிடித்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார்.

நகம் நுழைந்த இடம்

இப்போது அந்த இரவு. பெரியப்பாவிடம் ஒரு பாதியும், ஆவடி மாமாவிடம் ஒரு பாதியுமாகத் தனித்தனியே நான் கேட்டு வாங்கினேன். இரண்டையும் சேர்த்தபோது எங்கும் முரண்படவில்லை. ஒரே ஓர் இடத்தைத் தவிர.

ஏப்ரல் மாதம், நள்ளிரவு தாண்டி ஒரு மணி. மண்ணடிப் பக்கத்துச் சந்து ஒன்றில் பழைய மச்சு வீடு. கீழே கடை, மேலே காகிதக் கிடங்கு. பழைய செய்தித்தாள், அட்டை, கட்டுக்கட்டாக நோட்டுப் புத்தகம். பெரியப்பா அப்போது முன்னணித் தீயணைப்பு வீரர். அதிகாரி இன்னொரு அழைப்புக்குப் போயிருந்ததால், முதல் வண்டிக்குப் பொறுப்பு அவரிடம் இருந்தது. சந்துக்குள் வண்டி நுழையவில்லை. இருபுறமும் கைவண்டிகளும் மீன்பாடி வண்டிகளும். முனையிலேயே நிறுத்தி, எட்டு ஹோஸ்களை ஒன்றோடொன்று இணைத்து இழுத்துக்கொண்டு ஓடினார்கள். லுங்கியும் பனியனுமாக ஓடி வந்த உரிமையாளர், "மேலே காவல்காரப் பெரியவர் இருக்கிறார், பின்னறையில் படுத்திருப்பார்" என்று கதறினார்.

மூச்சுக் கருவி இரண்டு பேருக்குத்தான் இருந்தது. ஆவடி மாமாவும் இன்னொருவரும் அதை மாட்டிக்கொண்டு குழாயோடு படியேறினார்கள். மாமாவுக்கு அப்போது 26 வயது. பெரியப்பா படிக்கட்டின் அடியில் நின்றார். முன்னறை முழுக்கத் தீ. அதைத் தாண்டி ஒரு நடை, நடையின் முடிவில் பின்னறை. முன்னறைத் தீயை ஒடுக்காமல் நடைக்குள் போக முடியாது. தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு வண்டித் தண்ணீர் என்பது 4,500 லிட்டர். ஒரு குழாயை முழு வேகத்தில் திறந்தால் ஏறக்குறைய பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். குடிநீர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து கொடுத்ததால் குழாய் நிற்கவில்லை.

மேலே அடிக்கிற தண்ணீர் படி வழியாகக் கீழே இறங்கி வரும். கறுப்பாக, சூடாக, கணுக்கால் வரை. அதில் நின்றுகொண்டிருப்பவனுக்கு மேலே தீ எப்படி இருக்கிறது என்பதைக் காலே சொல்லிவிடும் என்பார் பெரியப்பா. அன்று தொடக்கத்தில் அப்படித்தான் வந்தது. கொஞ்ச நேரத்தில் வரத்து குறைந்தது. இருபது நிமிடத்துக்குப் பிறகு படியில் வெறும் கசிவுதான். மேலே குழாய் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது, கீழே தண்ணீர் வரவில்லை. போன தண்ணீர் எங்கே இருக்கிறது? காகிதம் குடித்துக்கொண்டிருந்தது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஆயிரக்கணக்கான கிலோ எடை அந்த மச்சின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அது மட்டுமில்லை. நனைந்த காகிதக் கட்டு உப்பும். உப்பிச் சுவரை வெளியே தள்ளும். மச்சு என்பது தேக்கு விட்டங்களின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. விட்டத்தின் நுனி சுவருக்குள் புதைந்திருக்கும். தீ அந்த நுனியைத் தின்றுவிட்டால், சுவரும் அரை அங்குலம் நகர்ந்துவிட்டால், பிடிமானம் ஏதும் கிடையாது.

பெரியப்பாவின் சட்டைக் கையில் மாவு போல ஏதோ விழுந்தது. சுண்ணாம்பு. டார்ச்சை அடித்துப் பார்த்தார். தெருப்பக்கச் சுவர் படிக்கட்டுச் சுவரோடு சேரும் மூலையில் ஒரு விரிசல். நகத்தை வைத்துப் பார்த்தார், நுழைந்தது. இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும் பார்த்தார். விரல் நுழைந்தது.

விசிலை ஊதினார். முதல் ஆள் இறங்கிவிட்டார். ஆவடி மாமா இறங்கவில்லை. பெரியப்பா நனைத்த துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு மூச்சுக் கருவி இல்லாமல் படியேறினார். மாமா குழாயைப் பிடித்தபடி நடையின் வாசலில் மண்டியிட்டிருந்தார். முன்னறைத் தீ தணிந்து நடைக்கு வழி கிடைத்திருந்தது. பெரியப்பா அவர் இடுப்புப் பட்டையைப் பிடித்து இழுத்தார். மாமா திமிறினார். முகமூடியை விலக்கிக்கொண்டு, "தட்டுகிற சத்தம் கேட்கிறது அண்ணே" என்றார். பெரியப்பா அவரை இழுத்துக்கொண்டு இறங்கினார்.

இருவரின் கதையும் பிரிகிற இடம் இதுதான். தட்டும் சத்தம் கேட்டது என்கிறார் மாமா. தீப்பிடித்த வீட்டில் எல்லாமே தட்டும், மரம் வெடிக்கும், ஓடு தெறிக்கும், டப்பா உருளும், எனக்கு எதுவும் தனியாகக் கேட்கவில்லை என்கிறார் பெரியப்பா. மாமா கேட்டது பொய் என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை.

எல்லாரும் இறங்கிவிட்டார்கள் என்று அவர் வயர்லெஸ்ஸில் சொன்னதும், கட்டடம் சரிந்தது என்று சொன்னதும் நிலையத்துப் பதிவேட்டில் நேரத்தோடு இருக்கின்றன. 1.52. 2.01. இடைப்பட்ட நேரத்தில் வெளியிலிருந்தே தண்ணீர் அடித்தார்கள், பக்கத்து வீட்டு மாடியிலிருந்தும் அடித்தார்கள், பின்பக்க ஜன்னலை எட்ட ஏணி வைக்க இடமில்லாமல் தவித்தார்கள். அந்த ஜன்னலில் பிரிக்க முடியாத கம்பி. கூட்டம் பெரியப்பாவைச் சூழ்ந்துகொண்டது. உரிமையாளரின் உறவினர் ஒருவர் சட்டையைப் பிடித்தார். ஒரு செருப்பு வந்து தலைக்கவசத்தில் விழுந்தது. "சம்பளம் வாங்கிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறாயா?" என்று ஒரு பெண் கேட்டாராம். அவர் பெரியவரின் மகள் என்று பிறகு தெரிந்தது. 2.01-க்கு மச்சும் தெருப்பக்கச் சுவரும் சேர்ந்து இறங்கின. படிக்கட்டு இருந்த இடத்தில் படிக்கட்டு இல்லை.

மறுநாள் நண்பகலில் பெரியவரை எடுத்தார்கள். பின்னறையில், ஜன்னலுக்குக் கீழே. புகையால் நேர்ந்த மரணம் என்றது பிரேதப் பரிசோதனை. எத்தனை மணிக்கு என்று மருத்துவரால் சொல்ல முடியவில்லை.

நான் அப்போது பத்தாம் வகுப்பு. அன்று காலை பெரியப்பா வந்து மூன்று முறை குளித்தது நினைவிருக்கிறது. சாப்பிடவில்லை. சாயங்காலம் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு தனியாக எங்கோ போனார். இருட்டிய பிறகு திரும்பி வந்தார். வேட்டியின் முழங்கால் பகுதி இரண்டும் கரி படிந்து அழுக்காக இருந்தது. எந்தக் கோயிலில் போய் விழுந்து எழுந்தாரோ என்று பெரியம்மா நினைத்துக்கொண்டார். கேட்கவில்லை. துவைத்துப் போட்டுவிட்டார்.

யாருக்காக

கொஞ்சம் வெளிப்படையாகவே எழுதுகிறேன். இந்தக் கதையை முழுதாகக் கேட்டபோது எனக்கு முதலில் வந்தது ஏமாற்றம்தான். என் பெரியப்பா உள்ளே போகிறவர் என்றே நான் வளர்ந்திருந்தேன். தீயணைப்பு வீரர் என்றால் எல்லாரும் வெளியே ஓடும்போது உள்ளே ஓடுகிறவர் என்று பள்ளியில் பேச்சுப் போட்டியில் பேசிப் பரிசும் வாங்கியிருக்கிறேன். பின்னறையில் ஒரு மனிதர் இருக்கிறார் என்று தெரிந்தும், வழி திறந்த பிறகும், இறங்கி வா என்று சொன்னவரை அந்தப் பேச்சுக்குள் எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நாம் பதக்கம் கொடுப்பதும் உள்ளே போனவர்களுக்குத்தான். அது நியாயமும்கூட. ஆனால் விசில் ஊதியவரின் அன்றைய வேலையை அளக்க நம்மிடம் ஒரு படியும் இல்லை.

பெரியப்பாவிடம் ஒரு கணக்கு உண்டு. தன்கீழ் வேலைக்கு வந்த ஒவ்வோர் இளைஞனுக்கும் அதைச் சொல்லியிருக்கிறார். உயிருக்காக உயிரைப் பணயம் வைக்கலாம். சரக்குக்காக வைக்கக் கூடாது. போய்விட்ட உயிருக்காக வைக்கவே கூடாது. உலகெங்கும் தீயணைப்போர் ஏதோ ஒரு வடிவில் சொல்லிக்கொள்வதுதான் இது. முதல் இரண்டும் எளிது. 2017 மே 31 அன்று தியாகராய நகர் உஸ்மான் சாலையில் அந்தப் பெரிய ஜவுளிக்கடைக் கட்டடம் எரிந்தபோது நாங்கள் எல்லாரும் தொலைக்காட்சி முன்னால் இருந்தோம். ஏன் வெளியே நின்றே தண்ணீர் அடிக்கிறார்கள் என்று என் கணவர் கேட்டார். "உள்ளே ஆளில்லை அல்லவா? அப்படியானால் துணிதான் எரிகிறது. எரியட்டும்" என்றார் பெரியப்பா. அன்றிரவு கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. ஜவுளிக்கடையில் கணக்கின் இரண்டாவது வரி போதுமாக இருந்தது. மண்ணடிச் சந்தில் அவருக்குக் கிடைத்தது மூன்றாவது வரி. பின்னறையில் இருக்கும் உயிர் போய்விட்ட உயிரா, இருக்கிற உயிரா? அதை வெளியே நிற்பவன் எப்படி அறிவான்? இரண்டு பேரின் உயிரை இந்தப் பக்கம் வைத்துக்கொண்டு, விரல் நுழைகிற ஒரு விரிசலை மட்டும் பார்த்து, அவர் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அதே கணக்கு வேறு இடங்களில் வேறு விதமாக முடிந்திருக்கிறது. ஏப்ரல் 14 நமக்குப் புத்தாண்டு. தீயணைப்புத் துறைக்கு அது நினைவு நாள். 1944-இல் அதே தேதியில் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்தும் பஞ்சுமூட்டையும் ஏற்றியிருந்த 'ஃபோர்ட் ஸ்டிக்கீன்' கப்பல் எரிந்தது. மணிக்கணக்கில் தண்ணீர் இறைத்தார்கள். கப்பலை விட்டு வெளியேறும்படி 3.50-க்கு உத்தரவு வந்தது. 4.06-க்குக் கப்பல் வெடித்தது. 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். குவார்ட்டர்ஸில் நாங்கள் அந்த நாளில் சட்டையில் குத்திக்கொண்ட கொடிக்கு இதுதான் காரணம் என்று எனக்கு அப்போது தெரியாது. உத்தரவுக்கும் வெடிப்புக்கும் இடையே 16 நிமிடம் இருந்தது என்பதைப் படித்தபோது ஆவடி மாமாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

2012 ஜனவரியில், பொங்கல் விடுமுறையில், சேப்பாக்கம் கலச மகால் எரிந்தது. 1768-இல் கட்டப்பட்ட அரண்மனை. மேற்கூரை இடிந்து நிலைய அலுவலர் ஒருவர் இறந்தார். கோட்ட அலுவலர் பிரியா ரவிச்சந்திரன் கடுமையான தீக்காயங்களோடு மீண்டார். தீயணைப்புத் துறையில் அதிகாரியாகச் சேர்ந்த முதல் பெண்களில் ஒருவர் அவர். அவருக்கு அண்ணா வீரப் பதக்கம் வழங்கப்பட்டது. பெரியப்பாவுக்கு ஓய்வுக்கு ஓராண்டு பாக்கி. அன்று அவர் விடுப்பில் ஊரில் இருந்தார். செய்தி கேட்டதும் முதல் பஸ்ஸில் கிளம்பி வந்துவிட்டார். வந்து செய்வதற்கு எதுவும் இருக்கவில்லை.

2015 மே 9, மும்பை கால்பாதேவி. குறுகிய சந்து, மரச்சட்டங்களால் ஆன பழைய நான்கு மாடிக் கட்டடம், கோகுல் நிவாஸ். குடியிருந்தவர்களை வெளியேற்றினார்கள். கட்டடம் சரிந்தபோது சிக்கியவர்கள் எல்லாரும் அதிகாரிகள். இருவர் அன்றே இறந்தார்கள். மற்ற இருவர் மருத்துவமனையில் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் மும்பைத் தீயணைப்புப் படையின் தலைவர் சுனில் நெஸ்ரிக்கர். தலைமை அதிகாரியே எரியும் கட்டடத்துக்குள் போவாரா என்று நான் வியந்து கேட்டேன். "போவார். தன் பிள்ளைகள் உள்ளே இருந்தால் போகாமல் என்ன செய்வார்?" என்றார் பெரியப்பா. அவர்கள் முன்பே விலகியிருக்க வேண்டாமா என்று அடுத்துக் கேட்டதுதான் என் தவறு. அவர் என்னிடம் அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "நீ அங்கே நின்றாயா? விரிசல் எந்தப் பக்கம் விட்டது என்று உனக்குத் தெரியுமா? எனக்கு விழுந்த சுண்ணாம்பு அவர்களுக்கு விழவில்லை. அவ்வளவுதான். வேறு எதுவும் இல்லை."

பிறகு 2020 தீபாவளி சமயம். மதுரையில் பழைய கட்டடத்து ஜவுளிக்கடை ஒன்றில் தீ. இரண்டு இளம் வீரர்கள்மேல் சுவர் இடிந்து விழுந்து இருவரும் இறந்தார்கள். தொலைக்காட்சியில் செய்தி ஓடியபோது பெரியப்பா, "சுவர்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விட்டார். ஊரெல்லாம் வாணம் விட்டுக்கொண்டிருந்தது. நான் பின்னாலேயே போனேன். ஆவடி மாமாவுக்குப் போன் செய்துகொண்டிருந்தார். மறுமுனையில் மாமா என்ன சொன்னார் என்று தெரியாது. இரண்டு பேரும் வெகுநேரம் பேசாமலே போனைக் காதில் வைத்திருந்தார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் பெரியப்பாவின் வாய் அசையவே இல்லை.

மாமாவின் கோபத்தை நான் குறைத்து எழுதக் கூடாது. அவருக்கு அப்போது 26 வயது. உயிரோடு இருந்ததற்காக நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் 30 ஆண்டுகளாக ஒருவர் கணக்குக் கேட்கிறாரே என்று எனக்கே ஒருமுறை எரிச்சல் வந்தது. ஆவடியில் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதைச் சொல்லியும்விட்டேன். அவர் சினக்கவில்லை. "நன்றி இல்லாமலா அம்மா வருகிறேன்? என் மகன் பிறந்தது 1996-இல். அண்ணன் இழுக்காவிட்டால் அவன் ஏது? அது எனக்குத் தெரியும். ஆனால் தட்டிய சத்தத்தை நான் கேட்டேன். அதைக் கேட்டவன் நான் ஒருவன்தான். நானும் பேசாமல் இருந்துவிட்டால் அந்தப் பெரியவர் தட்டியது யாருக்குமே கேட்காமல் போய்விடும்." அதன்பிறகு நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

பக்கத்து வீடு

இரண்டு மாதங்களுக்கு முன் அந்தச் சந்துக்குப் போனேன். எரிந்த வீடு இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி உதிரிபாகங்கள் விற்கும் நான்கு மாடிக் கட்டடம். ஆனால் அதை ஒட்டிய வீடு அப்படியே இருக்கிறது. ஒரே குடும்பத்தின் அண்ணன் தம்பிக்காக ஒரே அச்சில் கட்டிய இரட்டை வீடுகள் என்றார் அங்கிருந்த வயதான அம்மா ஒருவர். மேலே போய்ப் பார்க்கலாமா என்றேன். எதற்கு என்று கேட்காமலே விட்டார். படியேறினேன். முன்னறை, நடை, பின்னறை, கம்பி போட்ட ஜன்னல். முன்னறை வாசலிலிருந்து அந்த ஜன்னல் வரை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். இருபது வினாடிகூட ஆகவில்லை. என் நெஞ்சு அடித்துக்கொண்டது. மாமா சொன்னதுதான் சரி என்று தோன்றியது. ஒன்பது நிமிடம் எவ்வளவு பெரிய நேரம்!

நேரே பெரியப்பாவிடம் போனேன். கேட்கக் கூடாது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போய், கேட்டுவிட்டேன். அவர் பூக்கட்டிக்கொண்டிருந்த பெரியம்மாவுக்கு நூல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நடந்தா போனாய்?" என்றார்.

"ஆமாம் பெரியப்பா."

"புகையில் நடக்க முடியாதம்மா. தவழ வேண்டும். சுவரைத் தொட்டுக்கொண்டு, முன்னால் தரை இருக்கிறதா என்று ஒவ்வோர் அடியும் கையால் தட்டிப் பார்த்துக்கொண்டு. கட்டுகள் சரிந்து கிடக்கும். சுற்றிக்கொண்டு போக வேண்டும்." நூலை விடாமல் சொன்னார். "நான் மறுநாள் சாயங்காலம் அந்தப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். அதிலும் அப்போது கிடங்குதான். சுவரெல்லாம் கரி. கட்டுகளை வழியில் இழுத்துப் போடச் சொல்லி, கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். நான்கு தடவை போனேன். ஜன்னலுக்கு நான்கரை நிமிடம்."

பெரியம்மாவின் கை நின்றுவிட்டது. அந்த வேட்டியின் முழங்காலைத் துவைத்தவர் அவர்.

"திரும்பி வருவதற்கு?" என்றேன்.

"அதே நான்கரை. வெறுங்கையோடு வந்தால்."

யாரும் பேசவில்லை. தெருவில் காய்கறி வண்டிக்காரர் கூவிக்கொண்டு போனார். ஆளைத் தூக்கிக்கொண்டு வந்தால் எவ்வளவு ஆகும் என்று நான் கேட்கவில்லை. கடைசியில் ஒன்றை மட்டும் கேட்டேன்.

"இதை மாமாவிடம் ஏன் சொல்லவில்லை?"

"எப்படிச் சொல்வது? கணக்குக் காட்டி அவன் வாயை அடைத்த மாதிரி ஆகிவிடாதா? அவன் சத்தத்தைக் கேட்டவன்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, நான் கிளம்ப எழுந்தபோது, வாசலைப் பார்த்திருந்த தன் செருப்பை மாட்டிக்கொண்டு என்னோடு படி வரை வந்தார். "நீதான் ஏதோ எழுதுவாயே. எழுதிவிடு. அவன் மகன் படித்துக் காட்டுவான்."